மைலோ டின் நிற்கும் வளைவு

காலை ஐந்தே முக்காலுக்கு ராஜம்மா தொழிற்சாலை பஸ்ஸில் ஏறும்போதே கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

“என்னா புஷ்பா இது? முதுகுக்கு அடியில ரெண்டு பூனை குடும்பம் நடத்தலாம் போல இருக்கு.”

ஓட்டுநர் இருக்கையில் இருந்த புஷ்பவள்ளி திரும்பிப் பார்த்தாள். படத்தில் இருந்தது அவள்தான். ஜிம்மில் ஒரு பெஞ்சின் மேல் மல்லாந்து படுத்திருந்தாள். தோள் பெஞ்சில் பதிந்திருந்தது, பிட்டமும் பதிந்திருந்தது. நடுவில் முதுகு மட்டும் வில்லாக எழும்பி நிற்க, அந்த இடைவெளியில் நானூறு கிராம் மைலோ பானத்தூள் டின் ஒன்று, படுக்காமல் சாயாமல், நேராக நின்றுகொண்டிருந்தது.

“எங்கிருந்துக்கா கெடைச்சுது?”

“என் மருமவ அனுப்புனா. அவளுக்கு அவ ஆபீஸ்ல யாரோ. கீழ வீடியோவும் இருக்கு. எவ்ளோ தூக்குற?”

“அறுபத்தேழரை கிலோ.”

“கம்பி ரெண்டு இஞ்சுதான் நகருது. அதுக்குப் பேரு தூக்குறதா? நான் துணிக்கூடைய தெனமும் அதுக்கு மேல தூக்குறேன்லா.”

பின்னால் விழித்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

“வளைக்கலாம்னு விதியில இருக்குக்கா.”

“விதியில இருக்கட்டும். பாக்கறவ கண்ணுக்கு எப்படித் தெரியுது?”

புஷ்பவள்ளி கதவை மூடி வண்டியை எடுத்தாள். அந்த வீடியோவை அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டாள். அதன் கீழே எழுதப்பட்டிருந்த இருநூற்றுப் பதினொரு கருத்துகளையும், முந்தைய நாள் தொழிற்சாலை வாசலில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, ஒன்று விடாமல் படித்திருந்தாள். எலும்புக்குப் பதில் ரப்பரா என்று மலாயில் ஒருவர் கேட்டிருந்தார். இது பளு தூக்குவது இல்லை, பாலம் கட்டுவது என்று தமிழில் ஒருவர். அந்தக் கருத்துக்கு மட்டும் தொள்ளாயிரம் பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள்.

புஷ்பவள்ளிக்கு வயது நாற்பத்து நான்கு. பிறந்தது காஹாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில். கல்யாணமாகி கெலாங் பாத்தாவுக்கு வந்தபோது இருபத்தொன்று. மின்னணுப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் பூதக்கண்ணாடி வழியாகப் பற்றவைப்புப் புள்ளிகளைச் சரிபார்த்தாள். ஒரு நாள் பஸ் ஓட்டுநர் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனார். மாற்று ஆள் கிடைக்கவில்லை. நாற்பது பேர் வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்றார்கள். அவர்களில் ஒருத்தியாக நின்றுகொண்டே, இதை நாமே ஓட்டினால் என்ன என்று அவள் யோசித்தாள். ஐந்து மாதத்தில் உரிமம் எடுத்தாள். சம்பளமும் கொஞ்சம் கூடுதல்.

ஒன்பது வருடம் ஓட்டியதில் முதுகு போய்விட்டது. பெரிய ஸ்டியரிங், ஆடும் இருக்கை, நாளுக்கு ஆறு மணி நேரம் முன்னால் குனிந்த நிலை. அரசாங்கக் கிளினிக்கில் மருந்து கொடுத்தார்கள். மூன்றாவது தடவை போனபோது டாக்டர் மருந்துச் சீட்டை எழுதுவதை நிறுத்திவிட்டு, “உடற்பயிற்சி ஏதாவது பண்றீங்களா?” என்று கேட்டார். இல்லை என்றாள். “பின்ன நான் எழுதி என்ன பிரயோஜனம்?” என்றார்.

காலைப் பயணம் முடிந்து மாலைப் பயணம் தொடங்கும்வரை பஸ்ஸை அவள் ஒரு கடை வரிசையின் பின்புறம் நிறுத்துவாள். அங்கே டயர் கடைக்கு மேல் மாடியில் ஒரு ஜிம் இருந்தது. பத்து வருடம் சிங்கப்பூரில் கிடங்கு வேலை பார்த்துச் சேர்த்த காசில் திருச்செல்வம் என்ற முப்பத்து மூன்று வயதுக்காரன் அதை நடத்தினான். பகலில் காலியாகக் கிடக்கும். பகலில் மட்டும் வருபவர்களுக்குப் பாதிக் கட்டணம் என்று ஒரு தாள் ஒட்டியிருந்தான். அந்தத் தாளைப் பார்த்துப் படியேறிய ஒரே ஆள் புஷ்பவள்ளி.

பெஞ்ச் பிரெஸ் என்பது பார்வைக்கு எளிது. பெஞ்சில் மல்லாந்து படுத்து, எடை மாட்டிய கம்பியை நெஞ்சுக்கு இறக்கி, மறுபடி கை நீளும்வரை மேலே தள்ள வேண்டும். முதல் நாள் திருச்செல்வம் சொன்னது இவ்வளவுதான்: “தோள்பட்டை ரெண்டையும் பின்னாடி சேத்து இறுக்குங்கக்கா. நெஞ்ச மேல தூக்குங்க. பின்பக்கம் பெஞ்ச விட்டு எழும்பக் கூடாது.”

அவள் நெஞ்சைத் தூக்கினாள். அவன் இரண்டடி பின்வாங்கினான்.

“அக்கா, வலிக்குதா?”

“இல்லையே. நல்லாத்தான் இருக்கு. ஒம்பது வருஷமா முன்னாடியே குனிஞ்சு கெடந்துச்சு. இப்பதான் பின்னாடி போக வழி கெடைச்சிருக்கு.”

முதுகை வளைப்பதில் லாபம் உண்டு. தோள் மூட்டு பாதுகாப்பாக உட்காரும். காலின் பலம் உடம்பு வழியாக மேலே வரும். அதோடு, நெஞ்சு எவ்வளவு உயருகிறதோ அவ்வளவு தூரம் கம்பிக்குக் குறையும். கடைசி லாபம்தான் சண்டைக்குக் காரணம். அது திறமை என்பார்கள் சிலர், குறுக்கு வழி என்பார்கள் சிலர். திருச்செல்வம் முதல் கட்சி. எவ்வளவு வளைக்கலாம் என்று யார் கேட்டாலும் அவன் டின்னை எடுத்துவிடுவான். ஜன்னலோரப் பெஞ்சில் கம்பி இல்லாமல் படுக்கச் சொல்லி, முதுகுக்குக் கீழே கெட்டிப்பால் டின்னைச் செருகுவான். டின் படுத்த நிலையில் நுழைந்தால் புது ஆள். நின்ற நிலையில் நுழைந்தால் தேறியவர். மைலோ டின் நின்றது புஷ்பவள்ளிக்கு மட்டும்தான். ஜிம்மில் அவள் முதுகுக்கு ‘செகண்ட் லிங்க்’ என்று பெயர் வைத்தார்கள். சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தின் பெயர். அதன் அடியில் கப்பல் போகும்.

அவள் கணவன் ஜெயபாலன் இரண்டாம் கட்சி. துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். எடை தூக்குவதைப் பற்றி அவனிடம் பேச முடியாது. தினமும் இரண்டு டன் தூக்குகிறான்.

“நீ பண்றது எப்படி இருக்குன்னா,” என்றான் ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டே. “ஃபோர்க்லிஃப்ட்ட கொண்டுபோய் ஒரு மேட்டுல நிறுத்திட்டு, பாருங்கடா நான் எவ்ளோ ஒசரத்துக்குத் தூக்கியிருக்கேன்னு சொல்ற மாதிரி இருக்கு.”

“மேட்டுல ஏத்துறதும் வண்டிதான?”

“ஏத்து. வேணாங்கல. தூக்குனேன்னு சொல்லாத.”

“நீங்க வந்து அந்தப் பெஞ்சுல படுத்துப் பாருங்க.”

“எனக்கு எதுக்கு? எனக்குத்தான் மெஷின் இருக்கே.”

இந்தப் பேச்சு மாதத்துக்கு ஒரு தடவை நடந்தது. ஒருவரும் ஜெயிக்கவில்லை. அவன் ஜிம்முக்கு ஒரு நாளும் வரவில்லை.

மாநில அளவிலான போட்டி மெர்சிங்கில் நடக்கும் என்று அறிவிப்பு வந்தபோது புஷ்பவள்ளி முதலில் பெயர் கொடுக்கவில்லை. வீடியோ பரவி இரண்டு வாரம் கழித்துத்தான் கொடுத்தாள். நாற்பது வயதைத் தாண்டிய பெண்கள், அறுபத்து மூன்று கிலோ உடல் எடைப் பிரிவு. அந்தப் பிரிவில் இரண்டே பேர். தேசியப் போட்டிக்கு ஜொகூர் மாநிலம் ஒருவரை அனுப்பும், அவர் அறுபது கிலோவாவது தூக்கியிருந்தால். இல்லாவிட்டால் யாரையும் அனுப்பாது. இன்னொரு பெண் ஐம்பதைத் தாண்டியதில்லை. ஆகவே கேள்வி ஒன்றுதான்: புஷ்பவள்ளியின் அறுபது செல்லுமா?

தேசியப் போட்டியைவிட அவளுக்கு அந்தச் ‘செல்லும்’தான் வேண்டியிருந்தது. அவளைத் தெரியாத மூன்று பேர், விதியைப் படித்தவர்கள், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து வெள்ளை விளக்குப் போட வேண்டும். அதைப் படம் எடுத்து அந்த இருநூற்றுப் பதினொன்றுக்கும் கீழே போட வேண்டும். வேறு எதுவும் எழுத வேண்டாம். விளக்கு மட்டும்.

அறுபது அவளுக்கு ஒரு எடையே இல்லை. ஜிம்மில் அறுபத்தேழரை ஏற்றியிருக்கிறாள்.

விதிப் புத்தகத்தில் சில வருடங்களுக்கு முன் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். கம்பி நெஞ்சைத் தொட்டால் மட்டும் போதாது. அந்த நேரத்தில் முழங்கையின் அடிப்பக்கம் தோள் மூட்டின் மேல்மட்டத்துக்காவது இறங்கியிருக்க வேண்டும். திருச்செல்வம் அதைப் படித்துக் காட்டினான். இருவரும் உட்கார்ந்து அவளுடைய பழைய வீடியோக்களை எல்லாம் பார்த்தார்கள். கை இறங்குகிறது. பிரச்சினை இல்லை என்றான் அவன். அவளும் தலையாட்டினாள்.

இங்கேதான் அந்த ஜிம்மின் அமைப்பைச் சொல்ல வேண்டும். ஒரு கடை அகலம்தான் மொத்த இடம். கம்பி மாட்டும் பெஞ்சில் படுத்தால் வலது பக்கம் சுவர், இடது பக்கம் இன்னொரு பெரிய இரும்புச் சட்டம். பக்கவாட்டில் ஆள் நிற்க இடமில்லை. ஆகவே எல்லா வீடியோவும் கால்மாட்டிலிருந்து எடுக்கப்பட்டவை. கைப்பேசியைச் சாய்த்து வைக்க அவர்கள் பயன்படுத்தியது அதே மைலோ டின். கம்பி இல்லாதபோது டின் முதுகுக்குக் கீழே இருக்கும். கம்பி இருக்கும்போது டின் கால்மாட்டில் கைப்பேசியைத் தாங்கிக்கொண்டிருக்கும். கம்பியோடு சேர்த்து அவளைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் இரண்டு வருடத்தில் ஒருவரும் இல்லை.

வெள்ளிக்கிழமையே காஹாங்கில் அண்ணன் வீட்டுக்குப் போய்த் தங்கிவிட்டு, சனிக்கிழமை காலை மெர்சிங்குக்குப் புறப்பட்டார்கள். ஜெயபாலன் காரை ஓட்டினான். லீவு போட்டிருந்தான்.

போட்டி நடக்கும் மண்டபம் படகுத்துறைக்குப் போகும் வழியில் இருந்தது. தீவுக்குப் போகிறவர்கள் பையும் பாயுமாக வெளியே நடந்துகொண்டிருந்தார்கள். உள்ளே நூறு நூற்றைம்பது பேர். எடை பார்த்தாள்: அறுபத்திரண்டு கிலோ முந்நூறு கிராம். திருச்செல்வம் முன்பே வந்து அவளுடைய முதல் முயற்சியை எழுதிக் கொடுத்திருந்தான். அறுபது. ஆளுக்கு மூன்று முயற்சி. ஏற்றிய எடையைக் குறைக்க முடியாது, கூட்டலாம்.

ஜெயபாலன் மேடைக்கு நேரே இருந்த நாற்காலிகளை விட்டுவிட்டு ஓரத்துக்குப் போனான். அங்கேதான் மின்விசிறி சுற்றியது.

அறிவிப்பாளர் அவள் பெயரை மூன்று துண்டாக உடைத்துக் கூப்பிட்டார். அவள் படுத்தாள். கால்களை இடுப்புக்கு அடியில் இழுத்துப் பதித்தாள். முதுகு எழும்பியது. கூட்டத்தில் யாரோ வியந்து “அலமாக்!” என்றார்கள். உதவியாளர்கள் கம்பியை எடுத்துக் கையில் கொடுத்தார்கள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தலைமை நடுவர் “ஸ்டார்ட்” என்றார். இறக்கினாள். கம்பி நெஞ்சைத் தொட்டு நின்றது. “பிரெஸ்.” தள்ளினாள். பஸ் கதவைத் திறப்பது போல எளிதாகப் போனது. “ரேக்.”

எழுந்து விளக்கைப் பார்த்தாள். நடுவில் வெள்ளை. இரண்டு ஓரத்திலும் சிவப்பு.

மூன்றில் இரண்டு வெள்ளை வேண்டும். செல்லாது.

“பின்பக்கம் எழும்புச்சா?” என்றாள் இறங்கி வந்து.

“இல்லக்கா. நான் பாத்தேன், ஒட்டியேதான் இருந்துச்சு.” திருச்செல்வம் நடுவர் மேசைக்கு ஓடினான். முகம் மாறித் திரும்பி வந்தான். “முழங்கை முட்டியாம். இறங்கலையாம்.”

“கம்பி நெஞ்சத் தொட்டுச்சே?”

“தொட்டுச்சு. முட்டி இறங்கலையாம்.”

“நீதான தம்பி வீடியோ பாத்துச் சொன்ன?”

அவன் மறுபடி நடுவர் மேசைப் பக்கம் பார்த்தான். “சைடு ரெஃப்ரிங்க ஸ்ட்ரிக்டு போல. அடுத்ததுல இன்னும் நல்லா இறக்குங்க,” என்றான்.

இரண்டாவது முயற்சியில் அவள் நன்றாக இறக்கினாள். கம்பி நெஞ்சில் அழுந்திப் பதியும்வரை இறக்கினாள். நெஞ்சுக்குக் கீழே கம்பி போக முடியாது. நெஞ்சு அங்கே இருக்கிறவரை கை அதற்குமேல் இறங்கவும் முடியாது. மறுபடி நடுவில் வெள்ளை, ஓரங்களில் சிவப்பு.

ஒன்று பாக்கி. அதுவும் போனால் அவள் பெயருக்கு எதிரே எண்ணே இருக்காது. பூஜ்யம்கூட இல்லை, வெறும் கோடு. எல்லா எடைப் பிரிவுப் பெண்களுக்கும் ஒரே வரிசை; அவள் முறை மறுபடி வர இன்னும் ஏழு பேர், அதாவது எட்டு ஒன்பது நிமிடம்.

தயாராகும் இடத்தில் அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஜெயபாலன் கயிற்றுத் தடுப்புக்கு வெளியே வந்து நின்றான். கையில் வாசல் கடையில் வாங்கிய தே ஓ, பால் விடாத தேநீர். அவன் என்ன சொல்லப் போகிறான் என்று அவளுக்குத் தெரியும். மேடு. ஃபோர்க்லிஃப்ட்.

“இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க,” என்றாள்.

“சொல்லல. நீ பாக்குற வீடியோவெல்லாம் கால்மாட்டுல இருந்து எடுத்தது, அதுல தெரியாது. நான் சைடுல உக்காந்திருந்தேன். உன் கைமுட்டி தோளுக்கு மேல நாலு விரக்கடை நிக்குது. அதுக்குள்ள கம்பி நெஞ்சுல முட்டிருது.”

“வளைக்கிறது தப்புன்னு சொல்றீங்க.”

“யாரு சொன்னா? வளை. நாலு விரக்கடை கொறச்சு வளை. ஃபோர்க் முழுசா இறங்கித்தான பலகைக்கு அடியில போவணும்? இறங்காம எப்படி ஏத்துவ?”

திருச்செல்வம் குறுக்கே வந்தான். “அண்ணே, வளைவ விட்டா அறுபது ஏறாதுண்ணே. ஜிம்முல ஒரு தடவகூட அப்படிப் போட்டதில்ல.”

“ஏறாட்டி ஏறாம போவட்டும். இப்படியே போட்டா ஏறியும் பிரயோஜனம் இல்லையே, தம்பி.”

திருச்செல்வம் தலையாட்டினான். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

“நாலு விரக்கடைன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றாள் புஷ்பவள்ளி. “படுத்ததும் முதுகு அதுவா போவுது.”

ஜெயபாலன் தே ஓவைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போனான். திரும்பி வந்தபோது கையில் காலியான கெட்டிப்பால் டின் இருந்தது. கடை வைத்திருந்த மலாய் மாக்சிக் அம்மா கழுவிக் கொடுத்திருந்தார். ஈரம் சொட்டியது. தடுப்பைத் தாண்டக் கூடாது என்று ஒரு அதிகாரி சொன்னார். திருச்செல்வம் அவரிடம் ஏதோ பேசினான். அதிகாரி ஒரு நிமிடம் என்று விரல் காட்டினார்.

பயிற்சிப் பெஞ்சில் அவள் படுத்தாள். முதுகு வழக்கம் போல எழும்பியது. ஜெயபாலன் டின்னை நிமிர்த்தி உள்ளே வைத்தான். டின்னுக்கும் முதுகுக்கும் நடுவே இன்னொரு டின் போகும்.

“இறக்கு.”

“இறங்க மாட்டேங்குது.”

“கால எங்க வச்சிருக்க? தவளை மாதிரி. எப்பவும் வண்டியில எப்படி வச்சிருப்ப?”

அவள் கால்களை முன்னால் நகர்த்தினாள். இடது பாதம் கிளட்ச் இருக்கும் இடத்துக்குப் போனது. வலது பாதம் பிரேக் இருக்கும் இடத்துக்கு. முதுகு தானாகத் தளர்ந்து இறங்கியது. டின்னின் விளிம்பு முதுகெலும்பில் பட்டது. குளிர்ந்திருந்தது.

“அங்கயே இரு. டின்ன நசுக்காத.”

திருச்செல்வம் வெறும் கம்பியைக் கையில் கொடுத்தான். ஜெயபாலன் பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். கொள்கலன்களுக்கு நடுவே ஃபோர்க்கைச் செலுத்தும்போது அப்படித்தான் பார்ப்பான்.

“இறக்கு. இன்னும். இன்னும். கைய கொஞ்சம் உள்ள புடி, ஒரு விரல். ஆங், இப்ப இறக்கு. அங்க. அங்கதான்.”

அந்த இடம் அவளுக்கு அந்நியமாக இருந்தது. தோளின் முன்பக்கம் இழுத்தது. கம்பி மேலே போக வேண்டிய தூரம் திடீரென்று நீண்டுவிட்டது போல இருந்தது. வெறும் கம்பிக்கே இப்படி. அறுபதுக்கு என்ன ஆகும் என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்க நேரமில்லை.

பெயர் மறுபடி மூன்று துண்டாக உடைந்தது.

படுத்தாள். தோள்பட்டைகளை இறுக்கினாள். கால்கள் பழக்கத்தில் பின்னால் போயின. நிறுத்தி, முன்னால் கொண்டுவந்தாள். கிளட்ச். பிரேக். முதுகுக்குக் கீழே டின் இல்லை. ஆனால் விளிம்பு பட்ட இடத்தில் பனியன் இன்னும் ஈரமாக இருந்தது. அந்த ஈரம் எங்கே இருக்கிறதோ அதற்கு மேலே முதுகைப் போகவிடாமல் வைத்துக்கொண்டாள்.

“ஸ்டார்ட்.”

இறக்கினாள். பழைய இடம் வந்தது. கம்பி நெஞ்சைத் தொடவில்லை. இன்னும் இறங்கியது. இன்னும். பிறகுதான் தொட்டது. தோள் இழுத்தது. நிறுத்திப் பிடித்தாள். நடுவரின் குரல் வர நேரமானது போலிருந்தது.

“பிரெஸ்.”

பாதி தூரம் போனது. அங்கே நின்றது.

மேலே தகரக் கூரை. அதில் ஒரு மஞ்சள் பலூன், எந்த விழாவிலோ தப்பியது, ஒட்டிக்கொண்டிருந்தது. கம்பி இறங்கவில்லை, ஏறவும் இல்லை. கூட்டம் கத்தியது. என்ன கத்தியது என்று தெரியவில்லை. திருச்செல்வத்தின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது: “கால், அக்கா! கால்!” அவள் இடது காலை அழுத்தினாள். நெரிசலில் மேட்டில் பஸ்ஸைப் பின்னால் உருளவிடாமல் பிடிக்கும் அழுத்தம். கம்பி ஒரு விரல் நகர்ந்தது. பிறகு இன்னொரு விரல். வலது கை முன்னால் போனது, இடது கை பிறகு சேர்ந்துகொண்டது.

“ரேக்.”

எழவில்லை. படுத்தபடியே தலையைத் திருப்பினாள். இடது ஓரம் வெள்ளை. நடு வெள்ளை. வலது ஓரம் சிவப்பு.

இரண்டு போதும்.

படுத்த நிலையிலேயே அவள் ஜெயபாலனைத் தேடினாள். அவன் மின்விசிறிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். கை தட்டவில்லை. ஒரு கண் இன்னும் மூடியிருந்தது.

காரில் ஜெயபாலனும் அவளும் திரும்பினார்கள். ஜெமாலுவாங் சந்திப்பில் சிவப்பு விளக்கில் நின்றபோது அவன் சொன்னான்: “அந்த வலது பக்கத்து ஆளுக்குக் கண்ணு சரியில்ல.”

“சரியாத்தான் இருந்திருக்கும். வலது கை கொஞ்சம் ஒசரம் நிக்குது எனக்கு.”

“நான் உக்காந்திருந்த பக்கம் நல்லா இறங்குச்சு.”

“நீங்க இடது பக்கம்.”

“அதத்தான் சொல்றேன்.”

விளக்குகளைத் திருச்செல்வம் படம் எடுத்திருந்தான். இரண்டு வெள்ளை, ஒரு சிவப்பு. அவள் அதை அந்த வீடியோவுக்குக் கீழே போடவில்லை. போடலாம் என்று இரண்டு தடவை எடுத்தாள். அந்த வீடியோவில் தூக்கியது வேறு, இந்த விளக்கு எரிந்தபோது தூக்கியது வேறு என்று அவளுக்குத் தெரியும். கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

திங்கட்கிழமை காலை ராஜம்மா ஏறினாள்.

“என்னாச்சு?”

“அறுபது. செல்லும்னுட்டாங்க.”

“ரெண்டு இஞ்சா?”

“இல்லக்கா. இப்ப ஆறு இருக்கும்.”

ராஜம்மா இருக்கையில் உட்கார்ந்து பையை மடியில் வைத்து யோசித்தாள். “அறுபத்தேழரைன்னு சொன்ன. இப்ப அறுபதுங்குற. கொறஞ்சுதான் போயிருக்கு?”

“ஆமா.”

“இதுக்கு மெர்சிங் வரைக்கும் போனியா?” என்று சொல்லிவிட்டு ராஜம்மா கண்ணை மூடிக்கொண்டாள். தொழிற்சாலைக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது.

காலைப் பயணம் முடிந்து புஷ்பவள்ளி மாடி ஏறியபோது திருச்செல்வம் பெரிய இரும்புச் சட்டத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். இருவருமாகப் பெஞ்சைச் சுவரை விட்டு மூன்றடி இழுத்தார்கள். அது இருந்த இடத்தில் ரப்பர் விரிப்பு வெளுக்காமல் கருப்பாக இருந்தது. மைலோ டின்னைப் பக்கவாட்டில் ஒரு முக்காலியின் மேல் வைத்துக் கைப்பேசியைச் சாய்த்தார்கள்.

“எவ்ளோ போடட்டும்க்கா?”

“அறுபது போடு. பாப்போம்.”

அறுபது ஏறவில்லை. பாதியில் நின்றது. திருச்செல்வம் கம்பியைப் பிடித்து எடுத்து வைத்தான். மெர்சிங்கில் ஏறியது எப்படி என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஐம்பது போட்டார்கள். அது போனது. தேசியப் போட்டிக்குப் பதினோரு வாரம்.

அவள் எழுந்து கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். கம்பியோடு தன்னைப் பக்கத்திலிருந்து அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வளைவு இருந்தது, பெரிதாக இல்லை. கெட்டிப்பால் டின் நிற்கும், மேலே கொஞ்சம் காற்று வரும். படத்தை நிறுத்தி, விரலால் பெரிதாக்கி, கம்பி நெஞ்சில் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்தாள். திருச்செல்வம் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

“இறங்கியிருக்குக்கா. மட்டமா இருக்கு.”

“வலது கை?”

“தெரியல. அந்தப் பக்கம்.”

அவள் டின்னையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு போய்ப் பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவே வைத்தாள். கம்பியின் இரண்டு பக்கமும் இரண்டரை கிலோ கழற்றினாள். படுத்தாள்.